தகரத்தில் பெய்த மழை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். மடியில் தூங்கிய மகள் விழித்துவிடுவாளோ என்று நான் அசையாமலே இருந்தேன்.

“உம்மாட ஊட்டுத் தகரத்தக் கழட்டப் போறன், ராத்தா,” என்றாள் இளையவள்.

“சூறாவளிக்கே பறக்காத தகரம் புள்ள அது. வாப்பா போட்ட.”

“பகலெல்லாம் கொதிக்குது. என்ட புள்ளட மேலெல்லாம் வேர்க்குரு. சீமெந்து ஓட்டுக்குக் கீழ குளிர்ச்சியா இரிக்குமாம். களிமண் ஓடு மாதிரிச் சூளையில வெச்சிச் சுடவும் தேவல்ல. காட்டு மரமும் மிச்சம்.”

“காட்டுக்கும் சேத்துக் கவலப்படு. மழை பெய்தா அந்தத் தகரச் சத்தத்தில பக்கத்தில கதைக்கிறதும் கேக்காது. நினைவிரிக்கா?”

“ஓம்.”

“வாப்பா மௌத்தான பொறகு மழை பெய்யுற நேரம் பாத்துத்தான் உம்மா அழுவா. நமக்குக் கேக்கப்படாதெண்டு.”

“எனக்குக் கேட்ட, ராத்தா. நான் உம்மாட பாயிலதானே படுத்த.”

பஸ் நிந்தவூரைத் தாண்டியது.

“ஓட்டப் போடு. புள்ள நல்லாத் தூங்கட்டும்,” என்றாள் மூத்தவள். “தகரத்த வித்திராத. என்ட குசினிக்கு வேணும்.”

“ஒங்களுக்கு நல்ல ஓட்டு ஊடு இரிக்க, தகரம் என்னத்துக்கு?”

“அந்த ஊட்டில மெதுவா அழுதாலும் எல்லாருக்கும் கேக்குது.”