சிவக்காத தும்பி

கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரியவுக்குக் காலை பஸ்ஸில் போவதென்றால் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. வெயில் முகத்தில் அடிக்காது. பதினொரு வருஷம் ஞாயிறு தவறாமல் போனவன் சொல்கிறேன்.

நான் ஸ்ரனிஸ்லாஸ், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவன். அங்கே தேயிலை மலைக்குக் கீழே ஓர் ஓடை. அந்த ஓடையில் ஒரு தும்பி, எந்தப் புத்தகத்திலும் இல்லாத வெளிர் மஞ்சள். புது இனம் என்று முடிவுகட்டினேன். என் மனைவி டொரதி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அதற்கு உன் பெயரைத்தான் வைக்கப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் உயிர் போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். நான் ஓடையில் இருந்தேன். தும்பி மட்டும் புதியதாக இருந்துவிட்டால் அதற்கும் ஓர் அர்த்தம் இருக்கும், இல்லையா.

அதை உறுதிப்படுத்தத்தான் சயந்தனை அழைத்துப் போனேன். பல்கலைக்கழகத்தில் தும்பிகளை ஆராய்கிறவர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்ல மரியாதை. ஓடையில் வழுக்கி விழுந்தார். நனைந்த சட்டையைப் பாறையில் காயப்போட்டுவிட்டு, நான் பிடித்துக் கொடுத்த தும்பியை லென்ஸ் வைத்துப் பார்த்தார். நாணலில் ஒட்டியிருந்த வெறும் தோலையும் பார்த்தார். தும்பியின் குஞ்சு தண்ணீருக்குள் வளர்ந்து, நாணலில் ஏறி, அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் பறக்கும்.

“சேர், குறை நினையாதேங்கோ. இது வழமையான சிவப்புத் தும்பிதான். இப்பதான் சட்டை கழட்டின இளசு. ஒரு கிழமையிலை சிவந்திடும்.”

“நல்லா பாருங்க தம்பி.”

“பாத்திட்டன் சேர். பதினொரு வருசமா நீங்கள் இளசுகளைத்தான் பாத்திருக்கிறியள்.”

சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை.

தும்பியை என்னிடம் தந்துவிட்டு, நாணலிலிருந்த தோலை எடுக்கக் குனிந்தார். இடது கையில் தும்பி இருந்ததால் வலது கையால் கல்லை எடுத்துப் பின்மண்டையில் அடித்தேன். மூன்றாவது அடியில் எலும்பு உள்ளே போனது கைக்குத் தெரிந்தது. அப்போதும் காலை உதைத்துக்கொண்டிருந்தார். முழங்காலை அவர் கழுத்தில் ஊன்றி, குமிழி நிற்கும்வரை முகத்தைத் தண்ணீருக்குள் வைத்திருந்தேன். தும்பியின் சிறகில் ஒரு மடிப்புக்கூட விழவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பாறையில் காய்ந்த சட்டையை அப்படியே விட்டேன். நாணலில் சட்டை இருந்தால், உள்ளே இருந்தது வெளியேறிவிட்டது என்று பொருள். பாறையில் சட்டை இருந்தால், ஆள் குளிக்க இறங்கிவிட்டார் என்று பொருள். நீங்களும் முதலில் அப்படித்தான் நம்பினீர்கள், பிரேதப் பரிசோதனை வரும்வரை.

தும்பியை வீட்டில் வலைக்கூட்டில் விட்டு, நுளம்பு பிடித்துப் போட்டு வளர்த்தேன். ஐந்தாம் நாள் வால் நுனியில் தொடங்கியது. எட்டாம் நாள் மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது.

கூட்டை நீங்கள் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளை சொன்னதுதான் சரி என்று எழுதிவிடாதீர்கள். கூட்டை ஜன்னலோரம் வைத்தது என் பிழை. வெயில் பட்டுவிட்டது.