பதினாலு அடிப் படகும் முப்பத்தொரு வருஷ சர்வீஸும்

— மாட்டியாச்சு, கட்டியாச்சு, ஏறி உக்காரு. படகு வித்த ஆளு வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு என்னை முறைக்காதே.

— உங்களை முறைக்கலீங்க. ட்ரெய்லர் கொக்கியைப் பாக்கறேன். அதுல பின்னு ஒண்ணு குத்தணும். குத்தாம கிளம்பினா ஜீப் ஏரிக்குப் போகும், படகு இந்த வாசல்லயே நிக்கும்.

— எந்தப் பின்னு?

— உங்க விரல்ல மாட்டிச் சுத்திக்கிட்டு இருக்கீங்களே, அந்தப் பின்னு.

— தெரியும். கடைசியா குத்தலாம்னு வெச்சிருந்தேன். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். என் பஸ்ஸுல ஒரு கீறல் விழுந்திருக்குமா? டெப்போவுல போய்க் கேட்டுப் பாரு.

— ஆமாமா. நீங்க ரிட்டயராகி ரெண்டு வருஷம் ஆச்சு. அங்கே இன்னும் அதையேதான் பேசிக்கிட்டு இருப்பாங்க.

— குத்தியாச்சு. ஏறு. மாப்பிள்ளையோட ஜீப்பு, சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் குடுக்கணும்.

— ஏறிட்டேன். ஒண்ணு கேக்கறேன், கோவப்படாதீங்க. படகுல என்னத்தைப் பாத்து வாங்கினீங்க?

— எல்லாத்தையும் பாத்துத்தான். டயரை உதைச்சுப் பாத்தேன்.

— அது ட்ரெய்லரோட டயரு.

— பெயின்ட்டைப் பாத்தேன். சீட்டுல உக்காந்து பாத்தேன், முதுகுக்கு இதமா இருக்கு. ஹார்ன் இல்ல, அதுக்கு மட்டும் விலையில கொஞ்சம் குறைச்சுக்கோன்னேன்.

— படகுக்கு ஹார்ன் கேட்டீங்களா?

— ஏன், எதிர்ல ஒருத்தன் வந்தா?

— மீனெல்லாம் வழி விட்டு ஒதுங்கும்னு நினைச்சீங்களோ என்னமோ. சரி, தண்ணியில இறக்கிப் பாத்தீங்களா?

— அந்த ஆளு வீட்டு வாசல்ல தண்ணி எங்கே இருக்கு?

— செருப்பைக் கையில மாட்டிப் பாத்து வாங்கின கதைதான்.

— இதோ பாரு. உங்கப்பா மீன் பிடிச்சாருங்கறதுக்காக எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாதே. அவர் ஓட்டினது துடுப்புப் படகு. இது மோட்டாரு. மோட்டாருன்னு வந்துட்டா அது நம்ம டிபார்ட்மென்ட்.

— ஆகட்டும் துரை. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.

— கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஏரிப் பக்கமே எட்டிப் பாக்காதவ, எனக்குப் பாடம் எடுக்கறா.

— நானா எட்டிப் பாக்கல? மீன்காரன் பொண்ணுன்னு தெருவுல தெரிஞ்சா மானம் போயிடும்னு உங்கம்மா சொன்னாங்க. நீங்க பக்கத்துல நின்னு தலையாட்டினீங்க. எங்கப்பா என்னைப் பாக்க வந்தா பின்வாசல் வழியா வரச் சொன்னது யாரு?

— செத்தவங்களைப் பத்தி இப்ப எதுக்கு?

— அவங்க ரெண்டு பேரும் போயிட்டாங்க. தலையாட்டினவர் உயிரோடதானே இருக்கார், அவர்கிட்டதான் கேக்கறேன்.

— அது அந்தக் காலம். இப்ப மீன் பிடிக்கறதுன்னா ஒரு ஹாபி. பெரிய பெரிய ஆபீசருங்க எல்லாம் பண்றாங்க.

— எங்கப்பா பிடிச்சா நாத்தம். நீங்க பிடிச்சா ஹாபி.

— உன்கிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா? இடது பக்கம் ஏதாவது வருதான்னு பாரு.

— எதுவும் வரல. வேகத்தைக் குறைங்க, பின்னால ஆடுது.

— காத்து.

— காத்து இல்லீங்க. மோட்டார் பின்னால, பெட்ரோல் கேன் பின்னால, நங்கூரமும் பின்னால. கனத்தையெல்லாம் வால்ல ஏத்தினா ட்ரெய்லர் ஆடத்தான் செய்யும். கேனையும் நங்கூரத்தையும் முன்பக்கம் தள்ளி வெக்கணும்.

— எழுபது பேரை ஏத்திக்கிட்டு மலையில வளைவு வளைவா போனவன்கிட்ட வந்து...

— அவங்க கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. நங்கூரம் எதைப் பிடிச்சுக்கும்? ஐயையோ, பிரேக்கைப் போடாதீங்க. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை மட்டும் எடுங்க. எடுங்கன்னு சொல்றேன்ல.

— நின்னுடுச்சு.

— நிக்கட்டும். வேர்வையைத் துடைச்சுக்கோங்க.

— எனக்கு ஒண்ணும் வேர்க்கல. அந்த லாரிக்காரன் எதுக்கு ரோட்டை விட்டுக் கீழே இறங்கினான்? குடிச்சிருக்கானா?

— படகு ஒண்ணு ரோட்டுக்குக் குறுக்கே நீந்தி வர்றதைப் பாத்தா யாரா இருந்தாலும் இறங்குவாங்க. நீங்க உக்காருங்க, நான் போய் நங்கூரத்தை மாத்தி வெக்கறேன்.

— அது கனம். உன்னால தூக்க முடியாது. ஏய், சொல்றேன்ல, இடுப்புப் பிடிச்சுக்கப் போகுது.

— வெச்சாச்சு. கேனையும் முன்னால நகர்த்திட்டேன். கிளம்புங்க.

— இப்ப ஆடல பாரு. இங்கே ரோடு நல்லா போட்டிருக்கான்.

— ஆமாமா, ரோடுதான்.

— பதினோரு மணிக்கு அவங்க வந்துடுவாங்க. கண்டக்டர், டைம்கீப்பர், டயர் செக்‌ஷன்காரர். என்னோட சேத்து நாலு பேர், படகுக்கு அளவா இருக்கும். முதல் ட்ரிப் நாங்க போறோம்.

— நான்?

— நீ கரையில இரு. சாப்பாட்டுக் கூடையை யாராவது பாத்துக்கணும்ல. அதோட, இறக்கும்போது கயித்தைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும். இல்லேன்னா உன்னை எதுக்குக் கூட்டிட்டு வர்றேன்?

— நாலு பேர்ல யாருக்காவது நீச்சல் தெரியுமா?

— அதுக்குத்தான் மிதவைச் சட்டை வாங்கியிருக்கேன்.

— எத்தனை?

— ஒண்ணு. என் அளவுக்கு.

— சிநேகிதம்னா இப்படி இருக்கணும். அவங்க மூணு பேரும் முழுகும்போது நீங்க மேல மிதந்துக்கிட்டே டாட்டா காட்டலாம்.

— உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? வாங்காதீங்க, வாங்காதீங்கன்னு மூணு மாசமா காதுல ஓதினே. சாப்பிட உக்காந்தா படகு, பல் விளக்கினா படகு. உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு முதல்ல அவ்வளவு ஆசை இல்ல. நீ வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்லத்தான் வாங்கியே தீரணும்னு வெறி வந்துச்சு.

— தெரியும். நம்ம வீட்டுல எல்லாம் அப்படித்தானே முடிவாகும்.

— விக்கிறவன் தானா எனக்குப் போன் பண்ணினான். 'சார், உங்களை மாதிரி அனுபவஸ்தர் கையிலதான் குடுப்பேன், கண்டவனுக்குக் குடுக்க மாட்டேன்'னான். ஊருக்குள்ள என்னைப் பத்தி நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கு.

— தெரியாமலா?

— நீ என்ன வேணும்னாலும் சொல்லு. ரெண்டு வருஷமா வீட்டுல உக்காந்திருக்கேன். 'டிரைவர் சார்'னு ஒருத்தன் கூப்பிடல. இன்னிக்கு அவங்க மூணு பேரும் கரையில நிக்கணும், நான் படகோட்டிக்கிட்டு வந்து அவங்க முன்னால நிறுத்தணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். அது தப்பா?

— தப்பு இல்லீங்க. வீட்டுலயும் நீங்க சும்மாவா உக்காந்தீங்க? அடுப்படியில இருந்து மாடிக்குத் துணி காயப்போடப் போனாக்கூட எந்தப் பக்கமா போகணும்னு எனக்கு ரூட் சொன்னீங்களே.

— குறுக்கு வழி இருக்கும்போது எதுக்கு சுத்திக்கிட்டுப் போகணும்? விடு. வந்தாச்சு. அதோ சரிவு. பின்பக்கமா நேரா எடுத்தா ட்ரெய்லர் தண்ணிக்குள்ள இறங்கிடும்.

— எடுங்க, பாக்கலாம்.

— நான் வலது பக்கம் ஒடிக்கிறேன், அது ஏன் இடது பக்கம் போகுது? ட்ரெய்லரைக் கோணலா செஞ்சு வெச்சிருக்கான்.

— எல்லா ட்ரெய்லரும் அப்படித்தான் போகும். ஸ்டியரிங்கோட அடிப்பக்கத்தைப் பிடிங்க. வால் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையைத் தள்ளுங்க.

— முப்பத்தொரு வருஷம் மேல்பக்கத்தைப் பிடிச்சே ஓட்டினவன் நான்.

— இது அஞ்சாவது தடவை. வலை உலர்த்தறவங்க எல்லாரும் கையில இருக்கற வேலையைக் கீழே வெச்சுட்டாங்க. அதோ அந்தப் பெரியவர் உக்காந்தே பாக்கலாம்னு ஒரு பெட்டியை இழுத்துப் போட்டுக்கறார்.

— நீ கொஞ்சம் வாயை மூடறியா?

— நகருங்க.

— என்னது?

— சீட்டை விட்டு நகருங்க. நான் எடுக்கறேன்.

— உனக்கு என்ன... ஏய், இது மாப்பிள்ளையோட ஜீப்பு. பாத்து. பாத்துன்னேன். இறங்கிடுச்சு. நேரா இறங்கிடுச்சே. எங்கே கத்துக்கிட்டே?

— இந்தக் கரையில இருந்த டிராக்டர்ல. பதினாறு வயசுல ஒரு நாளைக்கு ஆறு படகு இறக்குவேன். கல்யாணம் பேச வந்த அன்னிக்கே சொன்னேன். 'இதெல்லாம் வெளியே சொல்லிக்காதே'ன்னு உங்கம்மா சொன்னாங்க. நீங்க டீயை ஊதி ஊதிக் குடிச்சுக்கிட்டு இருந்தீங்க.

— எனக்கு ஞாபகம் இல்ல.

— உங்களுக்கு எதுக்கு ஞாபகம் இருக்கணும்? முழுங்கினது நான்.

— சரி, சரி. கட்டை அவிழ்க்கறேன், தள்ளிடலாம்.

— இருங்க. ஓட்டையை அடைச்சீங்களா?

— எந்த ஓட்டை? படகுல ஓட்டை இருக்கா? அந்தப் பாவி என்னை ஏமாத்திட்டானா?

— பின்பக்கம் அடியில இருக்கு. மழைத்தண்ணி வடியறதுக்காக வெச்சது. இறக்கறதுக்கு முன்னால அதுல மூடியைத் திருகணும். திருகலேன்னா டைம்கீப்பர் வர்றதுக்குள்ள உங்க ஹாபி அடியில போயிடும்.

— மூடிக்கு நான் எங்கே போறது?

— முன் சீட்டுக்கு அடியில ஒரு டப்பா இருக்கும்.

— இருக்கு. மூடியும் இருக்கு. உனக்கு எப்படித் தெரியும்?

— எங்கேயாவது வெச்சுத்தானே ஆகணும். குடுங்க இப்படி. ம், இறுகிடுச்சு. தள்ளுங்க.

— மிதக்குது. ஏய், மிதக்குது பாரு. நல்ல படகுதான். நகரு, மோட்டாரை நான் ஸ்டார்ட் பண்றேன். அவங்க வரும்போது ஓடிக்கிட்டு இருக்கணும்.

— பண்ணுங்க.

— இழுத்து ஸ்டார்ட் பண்ற கயிறு ஏன் இவ்வளவு கெட்டியா இருக்கு?

— ஆறு. ஏழு. எட்டு. போதும், தோள் கழண்டுடப் போகுது. இறங்கி மூச்சு வாங்கிக்கோங்க.

— மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஜீப்போட பின்சக்கரம் தண்ணியில நிக்குது, அதை மேல ஏத்திட்டு வந்து பாக்கறேன். நீ ஏறி உக்காந்து, படகு கல்லுல இடிக்காம பாத்துக்கோ.

— உக்காந்துட்டேன். போயிட்டு வாங்க.

— ஏத்தியாச்சு. அதோ டைம்கீப்பர் ஸ்கூட்டர் வருது, பின்னால கண்டக்டர். கயித்தை இப்படி வீசு. ஏய், என்ன சத்தம்? ஸ்டார்ட் ஆயிடுச்சா?

— ஆயிடுச்சு.

— ஒரே இழுப்புலயா? நான் சூடு பண்ணி வெச்சிருந்தேன்ல, அதான். சரி, கிட்டே கொண்டா. கிட்டே கொண்டான்னா ஏன் தள்ளிப் போறே?

— அக்கரையில எங்கண்ணன் வலையோட காத்துக்கிட்டு இருக்கார். பொழுது சாயறதுக்குள்ள வந்துடறேன்.

— விளையாடறியா? இவங்க முன்னால நான் என்னடி சொல்றது?

— படகு வாங்கினது நீங்கதான்னு சொல்லுங்க, அது பொய் இல்லையே. சாப்பாட்டுக் கூடை ஜீப்புல இருக்கு, நாலு பேரும் பசியோட நிக்காதீங்க.

— திரும்பி வாடி. கை பட்டுப் பழகாத மோட்டாரு அது. நடு ஏரியில நின்னுட்டா என்ன பண்ணுவே?

— நிக்காதுங்க. சோக்கைப் பாதிதான் இழுக்கணும். உங்களை மாதிரி முழுசா இழுத்தா பெட்ரோல் நிறைஞ்சு திணறும். இந்த மோட்டாருக்கு அப்படி ஒரு குணம்.

— இந்த மோட்டாருக்கா? இன்னிக்குத்தானேடி நீ இந்தப் படகையே பாக்கறே?

— மூணு மாசத்துக்கு முன்னாடி நானும் எங்கண்ணனும் இதை அக்கரை வரைக்கும் ஓட்டிப் பாத்தோம், எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. விக்கிறவர்கிட்ட உங்க போன் நம்பரைக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்தேன், வந்ததும், 'படகு கிடகு வாங்கித் தொலைச்சுடாதீங்க'ன்னு உங்ககிட்ட சொல்ல ஆரம்பிச்சேன்.