பலகை வரை இருநூறு மீட்டர்

நல்ல சாலை எது என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வேன்: ஒரு மணி நேரம் மிதித்தாலும் மூன்று கார்களுக்கு மேல் எதிர்ப்படாத சாலை. இந்த மாவட்டத்தில் அப்படி நாற்பத்தொரு சாலைகள் இருக்கின்றன. சாலைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் பள்ளம் அடைத்தவன் நான். எந்த வளைவில் ஓக் இலை ஈரமாக ஒட்டிக் கிடக்கும், எந்த இறக்கத்தில் திராட்சைத் தோட்டத்து மண் மழையோடு வழிந்து வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால் எங்கள் சைக்கிள் சங்கத்துக்குத் தடம் வரைந்து கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் செய்தேன்.

காபிக்கு நன்றி மேடம். சொலாஞ்ஜ் அம்மாளின் வழக்கு அடுத்த வாரம் வருகிறது என்று கேள்விப்பட்டேன். திராட்சை வண்டியை ஓட்டியதைத் தவிர அவர் ஒரு தவறும் செய்யவில்லை. அவருக்காகத்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு நானாக வந்திருக்கிறேன்.

நாற்பத்தொன்றில் ஒன்று என் உயிர். ஷாவோ காட்டுக்குள் பதினெட்டு கிலோமீட்டர் போய், ஃபோந்த்ரெவி ஊரின் தோட்டங்களுக்குள் இறங்கும் தடம் அது. அதைக் கோத்துச் சேர்க்க எனக்கு ஒன்பது வருடம் ஆயிற்று. காட்டுக்குள் சங்கிலிச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காது. நடுவில் ஒரு மரவெட்டியின் வீட்டு நாய் மட்டும் குரைத்துக்கொண்டு காலைத் துரத்தும். ஒரு வசந்தத்தில் சைக்கிளை விட்டு இறங்கி, காற்றடிக்கும் பம்பால் அதை அடித்தேன். ஒரே அடியில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நான்கு அடி தேவைப்பட்டது. தாடை உடைந்த பிறகும் அது வாலை ஆட்டியது. பள்ளத்தில் தள்ளி இலையைப் போட்டு மூடினேன். மறுவாரம் அந்தத் தடம் எவ்வளவு அமைதியாக இருந்தது என்று நீங்கள் வந்து கேட்டிருக்க வேண்டும்.

ஜொயெலைப் பற்றித்தானே கேட்டீர்கள், வருகிறேன். ஒயின் தரகன். கலகலப்பானவன். அவன் உள்ளே வந்தால் மதுக்கடையில் நாற்காலிகள் தானாகத் திரும்பும். இருபத்து மூன்று வருடம், செவ்வாயும் சனியும், நாங்கள் இருவரும் சேர்ந்துதான் மிதித்தோம். காட்டுக்குள்ளும் பேசிக்கொண்டே வருவான். சில இடங்களில் பாடுவான். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சைக்கிள்காரர்கள் எல்லோரிடமும் உள்ளதுதான். ஊரின் பெயர்ப் பலகை கண்ணில் பட்டால் போட்டி. முதலில் கடப்பவன் ஜெயித்தவன். தோற்றவன் ஊர்க் குழாயடியில் ஜெயித்தவனின் பாட்டிலை நிரப்பித் தர வேண்டும். ஃபோந்த்ரெவி பலகைக்கு ஜொயெல் ஒருநாளும் தோற்றதில்லை. என் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கி வருவான். தோட்டத்து மதிற்சுவர் முடிகிற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு சட்டென்று தாண்டிப் போவான். பிறகு குழாயடிச் சுவரில் உட்கார்ந்து பாட்டிலை நீட்டுவான்.

"என்னடா தார் டின்னு, பெடல்ல தாரு ஒட்டிக்கிச்சா? நல்லா விளிம்பு வரைக்கும் ரொப்பு."

சாலைத் துறைக்காரன் என்பதால் எனக்கு அந்தப் பெயர். கடையில் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஒரு பாட்டில் தண்ணீர் பெரிய விஷயமா? அதற்காக யாரும் யாரையும் கொல்ல மாட்டார்கள். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிரச்சினை வேறு. போன வருடம் பனி உருகும் சமயத்தில் ஜொயெல் என் காட்டுத் தடத்தை இணையத்தில் போட்டுவிட்டான். படங்களோடு, 'ஜொயெலின் மௌனப் பாதை' என்று தலைப்பு வைத்து. நான் கேட்டதற்குத் தோளைக் குலுக்கினான். ரோடு என்ன உன் பாட்டன் வீட்டுச் சொத்தா, பத்துப் பேர் பார்த்தால் உனக்கென்ன தேய்ந்தா போகிறது என்றான். மே மாதத்துக்குள் லியோன், தீஜோன், எங்கெங்கிருந்தோ கும்பல் கும்பலாக வந்தார்கள். இனிப்புக்கட்டி உறைகளைக் காட்டில் போட்டார்கள். ஒருவன் சட்டைப் பையில் பாட்டுப் பெட்டி வைத்திருந்தான்.

நான் முதலில் மென்மையான வழியைத்தான் முயன்றேன். கூரைக்கு அடிக்கும் ஆணிகளை மூன்றாவது இறக்கத்தின் வளைவில் தூவினேன். லியோனிலிருந்து வந்த ஒரு பெண் அங்கே விழுந்தார். கன்னம் கிழிந்து முன்பற்கள் ஐந்து போயின. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான், அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்ததும் நான்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் நல்லவர் என்று ரத்தத்தோடு சொன்னார். ஆனால் அடுத்த ஞாயிறு கூட்டம் குறையவில்லை. கிளையை வெட்டிப் பயனில்லை, வேரைத்தான் பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

செப்டம்பரில் திராட்சை அறுவடை. மதிற்சுவர் முடிகிற இடத்தில் வலப்பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு வண்டித்தடம் வந்து சாலையில் சேர்கிறது. சொலாஞ்ஜ் அம்மாள் பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்கு முன்பாகக் கடைசி நடையை ஆலைக்கு ஓட்டிப் போவார். டிராக்டரும் அதன் பின்னே நாலு டன் பழம் ஏற்றிய தொட்டியும். மூன்று நாள் தள்ளி நின்று நேரம் பார்த்தேன். ஒழுங்கான பெண்மணி, இரண்டு நிமிடத்துக்கு மேல் பிசகியதில்லை.

சனிக்கிழமை காட்டுக்குள் ஜொயெலைக் கொஞ்சம் வேகமாக இழுத்து வந்தேன். அவனுக்கு மூச்சு வாங்கியது. பேசவில்லை. இருபத்து மூன்று வருடத்தில் அந்தக் காடு அன்றைக்குத்தான் எங்கள் இருவருக்கும் மௌனமாக இருந்தது. அழகாக இருந்தது, சொல்லத்தான் வேண்டும்.

சங்கத்தில் ஒரு பேச்சு உண்டு: முன்னால் போகிறவனுக்குக் கண், பின்னால் வருகிறவனுக்குக் கால். சந்திப்பு வந்தால் சாலை காலியா இல்லையா என்று முன்னவன் பார்த்துச் சொல்வான், பின்னவன் தலை தூக்க மாட்டான். சுவர் முடிவில் டிராக்டரின் மூக்கு தெரிந்தது. சொலாஞ்ஜ் அம்மாள் என்னைப் பார்த்து நிறுத்தினார். நான் வேகத்தைக் குறைத்து, போங்கள் என்று கை காட்டினேன். அவர் நன்றி சொல்லித் தலையசைத்துவிட்டு வண்டியை எடுத்தார். பின்னால் கேட்கும்படி நான் சொன்னது ஒரே வார்த்தை.

"காலி."

ஜொயெல் என் இடது தோளை உரசிக்கொண்டு போனான். போகிறபோது, "பாட்டிலை ரெடி பண்ணுடா" என்றான். டிராக்டருக்கும் தொட்டிக்கும் நடுவில் புகுந்தான். முதலில் இரண்டையும் இணைக்கும் இரும்புக் கொண்டியில் முகம் மோதியது. பிறகு தொட்டிச் சக்கரம் இடுப்பின் மேல் ஏறி, அப்படியே நின்றது. காய்ந்த கிளையை முழங்காலில் வைத்து முறிப்பதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான். தொட்டியின் விளிம்பிலிருந்து பழம் சரிந்து அவன் மேல் கொட்டியது. எது சாறு, எது ரத்தம் என்று தெரியவில்லை. ஒரு கை மட்டும் வெளியே இருந்து விரல்களை மூடி மூடித் திறந்தது. சொலாஞ்ஜ் அம்மாள் இறங்கி ஓடி வந்து பழத்தைக் கையால் வாரித் தள்ளினார். தள்ளத் தள்ளப் பழம் வந்துகொண்டே இருந்தது.

முன்னால் வந்தவர் கை காட்டினார் என்று அவர் உங்களிடம் அன்றே சொன்னார். நான் இல்லை என்றேன். நீங்கள் என்னை நம்பினீர்கள். ஐந்து மாதமாக அவர் வண்டி ஓட்டவில்லை. அது நியாயமில்லை. அதனால்தான் என் சைக்கிளில் இருந்த இந்தச் சிறு கருவியைக் கொண்டுவந்தேன். எந்த நொடியில் என்ன வேகம் என்று எல்லாம் இதில் பதிவாகியிருக்கிறது. சந்திப்புக்கு முன்னால் நான் பிரேக் பிடித்தது உங்களுக்கே தெரிகிறது. சாலை காலி என்று நம்பிச் சொன்னவன் பிரேக் பிடிக்கக் காரணமில்லை.

நீங்கள் திரையில் தெரியும் வேகக் கோட்டின் அந்த இடத்திலேயே விரலை வைத்திருக்கிறீர்கள்.

"இதுக்கப்புறம் திரும்ப ஏறுதே. நாப்பத்தாறு வரைக்கும். அவரு சக்கரத்துக்கு அடியில கிடக்கும்போது நீங்க எங்க போனீங்க?"

உதவி கூப்பிடப் போனேன் என்று அன்றைக்கு எழுதியிருந்தேன். ஆனால் ஊர்ப் பலகையைத் தாண்டியதுமே கோடு கீழே இறங்குகிறது, பாருங்கள். அங்கேயே திரும்பிவிட்டேன். ஊருக்குள் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் அந்த மதிற்சுவரில் ஒரு பித்தளைத் தகடு பதித்தார்கள். பாலாடைக்கட்டி சேர்த்துச் சுட்ட ரொட்டி உருண்டையும் வெள்ளை ஒயினும் கொடுத்தார்கள். 'ஜொயெல் பெராஷோன். இந்த ஊர்ப் பலகைக்கு இவரை முந்தியவர் எவருமில்லை' என்று எழுதியிருக்கிறது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

"சொலாஞ்ஜ் அம்மாவுக்காக வந்தேன்னு சொன்னீங்க, மெஸ்யூ."

ஆமாம், அவருக்காகத்தான். காட்டின் அமைதிக்காகச் செய்தேன், அவருக்காகச் சொல்கிறேன். கொன்றது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஜொயெல் ஆறு நிமிடம் உயிரோடு இருந்தான் என்று மருத்துவர் அறிக்கையில் இருக்கிறது. மோதியதிலிருந்து இருபத்திரண்டாவது நொடியில் நான் பலகையைக் கடந்திருக்கிறேன். செத்தவனை முந்தவில்லை மேடம், உயிரோடு இருந்தவனைத்தான் முந்தினேன். அந்தத் தகட்டைக் கழற்றச் சொல்லுங்கள்.