வாழ்த்துப் பத்திரத்தின் மூன்றாம் வரி

காய்ச்சல் உடம்போடு வந்து, கூட்டம் முடியும்வரை நாற்காலியை விட்டு எழமாட்டேன் என்று தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் சங்கைக்குரிய பங்குச் சாமியார் அவர்களே, இந்தப் பங்குக்கு இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாகவும் காதாகவும் சில நேரம் பிரம்பாகவும் இருந்துவரும் உபதேசியார் ராயப்பர் அவர்களே, கோயிலுக்குக் கல் சுமந்த பெரியவர்களே, பிள்ளைகளைச் சுமந்த தாய்மார்களே, இனிமேல் சுமக்கப்போகிற தங்கச்சிமார்களே, சுமந்தும் மடி நிறையாமல் என்னைப்போல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களே, உங்கள் அத்தனை பேருக்கும் விளாங்குடி மதலேனம்மாளின் கும்பிடு.

எனக்கு மேடை புதிது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். எனக்குத் தெரிந்த அழகான தமிழெல்லாம் கோயிலில் முழங்கால் போட்டுக் காதால் கேட்ட தமிழ். ஆகையால் பேச்சு பிரார்த்தனை மாதிரி இழுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மூச்சு வாங்குகிற இடத்தில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லிவிடாதீர்கள். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கும் பயம் கொஞ்சம் தெளிகிறது.

ஒன்றைக் கேட்க வந்திருக்கிறேன். கேட்கப்போவது என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதா சபைக் கூட்டத்தின் முடிவில் உபதேசியார் ஒரு வாழ்த்துப் பத்திரம் வாசிக்கப் போகிறார். அது கோரிப்பாளையத்து மருத்துவச்சி ஜெயினம்பு அக்காளுக்கு எழுதியது. போன வாரமே எனக்கு அதை வாசித்துக் காட்டினார். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் அதன் மூன்றாம் வரி, "மெய்மறையின் வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்கும் மாதரசி" என்று சொல்கிறது. கூட்டம் முடிந்ததும் அந்தக் காகிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் போகிறது. கண்ணாடி மூடுவதற்கு முன்னால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். இதுதான் நான் கேட்பது. ஏன் கேட்கிறேன் என்பதை என் பிள்ளையின் கதையைச் சொல்லித்தான் விளக்க முடியும்.

போன ஐப்பசி. ஏழு வருஷம் வெறும் வயிற்றோடு பூசை கண்ட எனக்கு எட்டாம் வருஷம் சர்வேசுரன் இரங்கினார். எங்கள் ஊரில் வேதக்காரர் வீடு நாலே நாலு. மற்றதெல்லாம் சம்சாரி வீடுகள். அன்று தெருவில் ஒரு பெண்பிள்ளை இல்லை. எல்லாரும் நடவுக்குப் போயிருந்தார்கள். ஒரு மாதம் முந்தியே எனக்கு வலி கண்டுவிட்டது. என் வீட்டுக்காரர் ஓட்டமாக ஓடி ஜெயினம்பு அக்காளைக் கூட்டிவந்தார். அக்காளின் புருஷர் ஜலீல் அண்ணனின் ஜட்காவில் வந்து இறங்கினார்கள்.

ஜெயினம்பு அக்காளை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டுமா? இங்கே முன்வரிசையில் மூக்கு வடிந்துகொண்டிருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேரின் முதல் அழுகையைக் கேட்டவர் அவர்தானே? உங்களில் எத்தனை பேரின் தொப்புள்கொடியை அறுத்த கை அது?

பிள்ளை பிறந்தது. பெண். ஒரு புறாக்குஞ்சு கனம்தான் இருக்கும். அழவில்லை. அக்காள் தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், காலைப் பிடித்துக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு ஒரு முனகல் வந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. உபதேசியார் வந்து ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர், தானே ஊற்றலாம் என்பது பதற்றத்தில் தோன்றாமல், அதே ஜட்காவில் ஏறிப் பறந்தார். உபதேசியாரோ அன்றைக்கு வண்டியூரில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். போக ஒரு மணி, வர ஒரு மணி. பிள்ளைக்கு அவ்வளவு நேரம் இல்லை. எனக்கோ இரத்தம் நிற்காமல் போய், கையைத் தூக்கினால் கை வரவில்லை. வாய் மட்டும் இருந்தது.

"அக்கா, புள்ள தலையில தண்ணி ஊத்துவீகளா?" என்று கேட்டேன்.

நம் வீடுகளில் இப்படி ஊற்றுவதைப் பலமுறை பார்த்தவர் அவர். மறுபேச்சு இல்லை. செம்பில் தண்ணீர் மொண்டு வந்தார். "நீ வார்த்தையச் சொல்லு, நான் ஊத்துறேன்" என்றார். நானும் வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. உபதேசியாரே, சிறுபிள்ளையில் எங்களை வேப்பமரத்தடியில் நிற்கவைத்துப் படிப்பித்தீர்களே, அது ஞாபகம் வந்தது. ஊற்றுகிற கையும் சொல்லுகிற வாயும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். கை ஒருவருடையது, வாய் இன்னொருவருடையது என்றால் அது ஞானஸ்நானம் ஆகாது. எனக்கு வாய் இருந்தது, கை இல்லை. அவருக்குக் கை இருந்தது. வாயையும் அவரிடமே கேட்டேன்.

செம்பு பாதியில் நின்றது.

நான் என்ன கேட்டேன் என்று சற்றே யோசித்துப் பாருங்கள். ஐந்து வேளை தொழுகிறவரைக் கேட்டேன். நோன்பு மாதத்தில் பிரசவம் பார்க்க வந்தாலும் எச்சில்கூட விழுங்காதவரைக் கேட்டேன். ஆண்டவனுக்குப் பிள்ளை உண்டு என்று சொல்வது அவர்கள் மார்க்கத்தில் ஆகாத பேச்சு. அவரிடம் போய், பிதாவென்று சொல், சுதனென்று சொல், இஸ்பிரீத்து சாந்துவென்று சொல் என்று கேட்டேன். யாராவது ஒருவர் நம்மிடம் வந்து, விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரியை எனக்காக மாற்றிச் சொல் என்றால் நம்மில் யார் சொல்வோம்? நீங்கள் சொல்வீர்களா? நான் சொல்லியிருப்பேனா? கோயில் வளாகத்தில் நின்று பொய் பேசமாட்டேன். எனக்குத் தெரியவில்லை.

"இது எனக்கு ஆகாத வார்த்தை, மதலேனா" என்றார். அழுத்திக்கூடச் சொல்லவில்லை. மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "புள்ள ஒன்னுது. அது போற வழியும் ஒன்னுதாத்தான் இருக்கணும். சொல்லு தாயி, ஒவ்வொண்ணாச் சொல்லு."

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார். பரிசுத்த ஆவியைச் சொல்லும் இஸ்பிரீத்து சாந்து என்ற இடத்தில் நாக்குப் புரளவில்லை. "இரு, இரு. தப்பாச் சொல்லிட்டா புள்ளைக்குச் சேராமப் போயிரும்ல?" என்று தனக்குள் நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தாய்மார்களே, தனக்கு ஆகாத வார்த்தையைத் தப்பில்லாமல் சொல்ல வேண்டும் என்று ஒரு மனுஷி மனப்பாடம் செய்ததை நான் கண்ணால் கண்டேன். பிறகு மூன்று தரம் தண்ணீர் ஊற்றி, முழு வாக்கியத்தையும் தன் வாயாலேயே சொன்னார். சலேத்தம்மாள் என்று என் பிள்ளைக்குப் பெயர் வந்தது. சூரியன் உச்சியிலிருந்து சாய்வதற்குள் அந்த மூச்சு அடங்கிவிட்டது.

ஞானப்பூ, அழாதே அம்மா. நிறைமாதக்காரி நீ அழக்கூடாது. உனக்காகவும்தான் பேசுகிறேன்.

உபதேசியார் வந்து சேர்ந்தார். யார் ஊற்றியது என்று கேட்டார். சொன்னோம். அவர் முகம் கறுத்தது. "அவுக நம்ம வேதமில்லையேம்மா. செல்லாதே. மந்திரிச்ச பூமியில வைக்க முடியாது. வேலிக்கு வெளியதேன்" என்றார். கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே என்ன இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். எருக்கஞ்செடியும் நரி தோண்டின குழியும்.

உபதேசியார் தலையைக் குனிகிறார். குனியாதீர்கள் ஐயா. நாளைக்குச் சாமியாருக்கும் மேலான மேற்றிராணியார் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். வேலிக்கு வெளியே என்று சொல்லும்போது உங்கள் கண் கலங்கியதையும் நான் பார்த்தேன். என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், எதற்கும் சாமியாரையே கேட்டுவிடுவோம் என்று வந்த காலோடு திரும்பி ஓடினவரும் நீங்கள்தான். அதையும் இந்தச் சபை கேட்கட்டும்.

மறுநாள் காலையில் சாமியார் வந்தார். எங்கள் முற்றத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து அக்காளைக் கூப்பிட்டார். ஊரே கூடி நின்றது. மூன்றே கேள்விகள் கேட்டார். என்ன தண்ணீர் ஊற்றினாய்? கிணற்றுத் தண்ணீர் என்றார். என்ன வார்த்தை சொன்னாய்? அத்தனை பேர் முன்னாலும் அக்காள் அதை இன்னொரு தரம் சொல்லத் தயங்கினார். சாமியார் அதைப் புரிந்துகொண்டு, என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம் மூன்றாவது: ஊற்றும்போது மனசில் என்ன நினைத்தாய்?

அக்காள் சொன்னார்: "ஒங்க சங்கதியெல்லாம் எனக்குத் தெரியாது சாமி. ஒங்க கோயில்ல இந்தத் தண்ணி என்ன செய்யுமோ அது இந்தப் புள்ளைக்கும் ஆகட்டும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் நெனக்கல."

சாமியார் எழுந்து நின்றுவிட்டார். இந்தக் கேள்வி புதிதல்ல, பல நூறு வருஷத்துக்கு முன்பே திருச்சபை இதைத் தீர்த்து வைத்திருக்கிறது என்றார். ஆபத்து வேளையில் யார் ஊற்றினாலும் செல்லும், ஊற்றுகிறவர் நம் வேதத்தில் சேராதவரானாலும் செல்லும். தண்ணீர் சரியாக இருந்து, வார்த்தை சரியாக இருந்து, திருச்சபை செய்வதையே செய்கிறோம் என்ற மனசு இருந்தால் போதும் என்றார். நம் பங்கின் ஞானஸ்நானப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். நம் வேதத்தார் பெயர் மட்டுமே எழுதிவந்த இடத்தில், "ஜலீல் மனைவி ஜெயினம்பு" என்று தன் கையால் எழுதினார். என் பிள்ளை மந்திரித்த பூமிக்குள் போனது.

இப்போது கேட்கிறேன், சபையோரே. சாமியார் கேட்ட கேள்விகள் மூன்று. அந்த மூன்றில், நீ எப்போது எங்களோடு சேரப்போகிறாய் என்ற கேள்வி இருந்ததா? பழைய சட்டம் எழுதிய பெரியவர்கள், முதலில் அவள் நம்மவளாகட்டும், அப்புறம் அவள் கையை ஒத்துக்கொள்வோம் என்றார்களா? திருச்சபை அதைக் கேட்கவில்லை. நாம்தான் கேட்டோம்.

ஆமாம், நாம்தான். இந்தச் சபையிலிருந்து மூன்று பேர் மாதா சுரூபமும் செபமாலையும் எடுத்துக்கொண்டு கோரிப்பாளையத்துக்குப் போனார்கள். பேரைச் சொல்லமாட்டேன், நல்ல மனசோடுதான் போனார்கள். அடுத்த வாரமும் போனார்கள். தல்லாகுளத்து வண்டிப்பேட்டையில் ஜலீல் அண்ணனைப் பார்த்து, "என்ன பாய், ஞாயித்துக்கிழமை பூசைக்கு எப்ப வண்டி கட்டப்போற?" என்று சிரித்தார்கள். விஷயம் அவர்கள் தெரு முழுக்கப் பரவியது. அவர்கள் பள்ளிவாசல் அசரத்து அக்காளைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் என்ன சொன்னார் தெரியுமா? உன் மனசு மாறவில்லை என்பது படைத்தவனுக்குத் தெரியும், அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள், போய் உன் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டார். அவர் விட்டுவிட்டார். நாம் விடவில்லை.

போன வாரம் அக்காளைப் பார்க்கப் போனேன். பத்திரம் எழுதுகிறார்கள் என்றேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "அதுல நான் மாறிட்டேன்னு எழுதியிருக்காகளா?" வாசலில் நிற்பதாக எழுதியிருக்கிறார்கள் என்றேன். "ஒன் புள்ளைக்குச் செஞ்சதுக்கு நான் வருத்தப்படல, மதலேனா. எம் மனசுக்கும் அல்லாவுக்கும் நடுவுல அது ஒரு பேச்சு. அத நான் பேசித் தீத்துக்கிட்டேன். ஆனா ஒங்காளுக பேசித் தீரலையே. நான் ஒங்க தெருவுக்கு இனி வாரதா இல்ல" என்றார்.

யாரோ பின்னாலிருந்து கேட்கிறீர்கள். கருத்தக்கண்ணன் பெரியப்பாவா? அப்போ அவுக ஆத்துமம் ஈடேற வேண்டாமா என்கிறீர்கள். நல்ல கேள்வி பெரியப்பா. நான் படிக்காதவள், பெரிய விஷயத்துக்குள் போகமாட்டேன், சாமியார் இருக்கிறார். நான் நிதமும் செபமாலையில் ஒரு மணி அவருக்காகச் சொல்கிறேன். அவரும் தன் தொழுகையில் என் பெயரைச் சொல்கிறார், அவரே சொல்லித் தெரியும். நான் கேட்பது சர்வேசுரனிடம். அக்காள் வாசலில் போய் நின்று நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அன்று அவர் செய்ததை இன்று நாம் தூண்டில் ஆக்கினால், அன்று அவர் செய்தது என்னவாகும்? நம்மவளாக இருந்து ஊற்றியிருந்தால் அது கடமை. வேறு மார்க்கத்தில் நின்றபடியே என் பிள்ளைக்காக ஊற்றினாரே, அதற்கல்லவா நாம் எழுந்து நின்று கும்பிட வேண்டும்? அவரை இந்தப் பக்கம் இழுத்துவிட்டால் எதைக் கும்பிடுவோம்? என் சலேத்தம்மாளுக்கு இந்த உலகத்தில் கிடைத்தது அந்த ஒரு செம்புத் தண்ணீர்தான். தாய்ப்பால்கூட இல்லை. அதை யாரும் கலக்க வேண்டாம் என்று பெற்றவள் கேட்கிறேன். ஞானப்பூவுக்கு நாள் நெருங்குகிறது. இன்னும் இரண்டு பேர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். வலி கண்டால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

சாமியார் பேனாவை எடுத்து உபதேசியார் பக்கம் நீட்டுகிறார். உபதேசியார் வாங்குகிறார். கோடு போடுகிறார். சபையோரே, மூன்றாம் வரி போய்விட்டது.

என்ன ஐயா? "அந்த எடம் வெறுமையா இருக்கே, என்ன எழுத?" என்று கேட்கிறீர்களா? என்னையா கேட்கிறீர்கள்? பேனா பிடிக்கத் தெரியாதவள் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். "எங்கள் பிள்ளைக்கு எங்கள் வழியைத் திறந்துவிட்டு, தன் வழியில் வீடு திரும்பிய ஜெயினம்பு அம்மாள்." இவ்வளவு போதும்.

நாளைக் காலை பூசை முடிந்ததும் ஞானப்பூவும் நானும் கோரிப்பாளையம் போகிறோம். கையில் கண்ணாடி போட்ட இந்தக் காகிதம் மட்டும் இருக்கும், சுரூபம் இருக்காது. இவ்வளவு நேரம் ஒரு படிக்காதவளின் பேச்சுக்குக் காது கொடுத்த சாமியாருக்கும், கோடு போட்ட கைக்கும், கேள்வி கேட்ட பெரியப்பாவுக்கும், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் தாய்மாருக்கும் நன்றி. உங்கள் வீட்டுத் தொட்டில்களைத் தேவமாதா காக்கட்டும். போய்வருகிறேன்.