எச்சரிக்கையின் நான்காவது வரி

மெல்பேர்னில் வெளியில் இருப்பதை விட வீட்டுக்குள் குளிர் அதிகம் என்பது இங்கே ஒரு குளிர்காலத்தைக் கழித்த எவருக்கும் தெரியும். சுவர் மெல்லியது. யன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி. கதவுக்குக் கீழே விரல் போகும். ஆகவே குளிர்ப்புயலை வீட்டிலிருந்து சமாளிப்பது எப்படி என்று எங்கள் பங்குக் கோவிலின் தமிழ் மாத இதழுக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி எறிக் அங்கிள் கேட்டபோது, பயனுள்ள விடயம்தான் என்று ஒத்துக்கொண்டேன்.

"அனுபவப்பட்ட ஆள் எழுதினாத்தான் பிள்ளை எங்கட சனம் கேக்கும்," என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. என் அப்பா இறந்து எட்டு மாதம்.

ஒரு பக்கத்துக்குள் இது அடங்கவில்லை. ஆனாலும் அங்கிள் எதையும் வெட்டாமல் போடவேண்டும்.

காஸ் ஹீற்றர் இருக்கிறதுதானே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சூட்டை வீடு முழுக்க ஊதிவிடுவது மின்விசிறி. கரண்ட் போனால் காஸ் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கிரான்பர்னில் எங்கள் வீட்டுக்கு இது போன ஓகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குத் தெரியவந்தது. அடுத்தது, போர்வைகளைக் காருக்குப் போர்த்தாதீர்கள். ஆலங்கட்டி கொட்டத் தொடங்கியதும் அப்பா, "ஓடு பிள்ளை, பொனெற் நெளியப்போகுது," என்றார். கராஜ் முழுக்க அவருடைய சாமான்கள் என்பதால் கார் வெளியில்தான் நிற்கும். என் கட்டிலில் கிடந்ததோடு சேர்த்து வீட்டிலிருந்த எல்லாப் போர்வைகளையும் நான்தான் கொண்டுபோய் விரித்தேன். காருக்கு ஒரு கீறலும் இல்லை. எனக்கு நெற்றியில் வீங்கியது. போர்வைகள் ஊறி, ஒவ்வொன்றும் ஒரு ஆள் பாரம்.

அப்பாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெயர் பொனிபஸ். மன்னாரிலிருந்து வந்து பதினேழு வருடம் மரக்கறி பொதி செய்யும் இடத்தில் நின்று வேலை செய்தார். ஆங்கிலம் இல்லை. ஒன்பது வயதிலிருந்து வீட்டுக்கு வந்த கடிதம் ஒவ்வொன்றையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். பதினாலு வயதில் அம்மாவின் கர்ப்பப்பை அறிக்கையை இருவருக்கும் நடுவில் நின்று வாசித்தேன். இடையில் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "எழுதினதை மட்டும் சொல்லு, உன்ர கதை வேண்டாம்," என்பார். அப்படித்தான் பழக்கினார். எதையும் கூட்டக்கூடாது. குறைப்பது பற்றி எதுவும் சொல்லவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வேதியியல். பேர்த்தில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. கடிதத்தை அப்பாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன்.

"நீ போனா இந்தக் கடிதமெல்லாம் ஆர் வாசிக்கிறது?" என்று கேட்டார்.

"இப்ப போனே வாசிச்சுச் சொல்லும் அப்பா."

"போனை ஆர் நம்பினது? அது ஆர் பெத்த பிள்ளையோ."

நான் இரண்டு கிழமை கெஞ்சினேன். அவர் என் பேச்சை ஒருபோதும் கேட்டதில்லை. மூன்றாவது கிழமை, வெள்ளிக்கிழமை, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த கடிதத்தில் இலக்கத்தைப் பார்த்துப் பேர்த்துக்கு அவரே அழைப்பெடுத்தார். "மை டோட்டர் நோ கம். தாங்க் யூ. காட் பிளெஸ்." இரவுச் சாப்பாட்டில் எனக்குச் சொல்லிக் காட்டினார். "நானே கதைச்சிட்டன் பிள்ளை. ஒரு பிழையும் விடேல்லை."

உடனே நான் பேர்த்துக்கு எடுத்தபோது அங்கே ஒரு பெண் மிகவும் அன்பாகப் பேசினாள். வேலையை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். எங்கள் குடும்பச் சூழ்நிலைக்காக வருந்துகிறாளாம். நான் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

மறுநாள்தான் புயல்.

இரண்டு மணிக்கு வீட்டுக்குள் எட்டுப் பாகை. அம்மா மல்கிரேவில் முதியோர் இல்லத்தில் வேலையில் நின்றா. ஐந்தே முக்காலுக்குத்தான் வருவா. அப்பா கராஜில் பார்பிக்யூ அடுப்பில் கரி மூட்டினார். கரி சிவந்து புகை அடங்கும்வரை பொறுமையாக நின்று பார்த்தார். பிறகு, "புகை போட்டுது. இனி உள்ளுக்குக் கொண்டுபோகலாம்," என்றார். புகை போனால் ஆபத்தும் போய்விடும் என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர்.

அப்போது அவருடைய போனில் மின்சாரக் கொம்பனியின் செய்தி வந்தது. "இதை ஒருக்கா வாசி," என்று நீட்டினார். நான்கு வரி. இந்தப் பகுதியில் புயலால் மின்தடை. திரும்ப வர இரவு ஒன்பது மணியாகும். அறுந்து விழுந்த கம்பிக்குக் கிட்டப் போகவேண்டாம். இந்த மூன்றையும் நல்ல தமிழில் சொன்னேன். நான்காவதை இங்கே தருகிறேன், வாசகர்களுக்கு உதவும்: வெளியில் பாவிக்கும் கரி அடுப்புகளை வீட்டுக்குள் எரிக்காதீர்கள்; அதில் வரும் வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை; தலையிடியும் தூக்கமும் வந்தால் உடனே வெளியேறுங்கள்.

நான் எதையும் மறைக்கவில்லை. போனைத் திரும்ப அவர் கையிலேயே கொடுத்தேன். தனக்கு ஆங்கிலம் வரும் என்று முந்தின நாள்தான் நிரூபித்திருந்தார். ஒரு வரியை அவர் சமாளிப்பார் என்று நினைப்பதில் தவறில்லை.

அடுப்பைக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தார். யன்னல்களைப் பூட்டினார். கதவிடுக்கில் துவாயைச் செருகினார். எனக்கும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "இங்க வந்து இரன் பிள்ளை. மேல இருந்து விறைக்கப்போறாய்."

"படிக்க இருக்கு அப்பா," என்றேன். படிப்பு முடிந்து ஒன்பது மாதம் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மேலே என் அறைக் கதவைச் சாத்தி, யன்னலை அகலத் திறந்து வைத்தேன். பனிக்காற்று முகத்தில் அறைந்தது. இரண்டு ஜக்கெட் போட்டுக்கொண்டேன். குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம். இதை உறுதியாகச் சொல்வேன். அவருக்கு மயக்கம் வரும், இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடப்பார், அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் நான் தேவைப்படுவேன், அப்போது என் பேச்சைக் கேட்பார். நான் நினைத்தது அவ்வளவுதான். வீட்டில் இருந்த புகை அலாரம் கத்தவில்லை. அதற்குப் புகையை மட்டும்தான் தெரியும்.

ஐந்து மணிக்கு மூச்சை அடக்கிக்கொண்டு கீழே போய் எல்லா யன்னல்களையும் திறந்தேன். அம்மா வந்து அந்தக் காற்றைச் சுவாசிக்கக்கூடாது. பிறகு அம்புலன்ஸுக்கு எடுத்தேன். வந்தவர்கள் சொன்னதை அம்மாவுக்கு ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன்.

விசாரித்தவர்கள் நல்லவர்கள். செய்தி வந்ததா என்று கேட்டார்கள். வந்தது என்றேன். அவருக்கு ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். இனிமேல் இப்படியான எச்சரிக்கைகள் தமிழிலும் வரவேண்டும் என்று அறிக்கையில் எழுதினார்கள். நல்ல பரிந்துரை. பங்குக் கோவிலில் எனக்காகச் செபித்தார்கள்.

அவர்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. மூன்றே காலுக்கு அப்பா படியடியில் வந்து நின்று கூப்பிட்டார். நான் இறங்கிப் போனேன். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்திருந்தார்.

"தலை இடிக்குது பிள்ளை. அந்த மெசேஜில வேற ஏதும் கிடந்ததோ?"

"இல்லை அப்பா."

"ஒருக்கா வடிவாப் பாரன்."

போனை வாங்கினேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, அவசரப்படாமல், திரும்ப வாசித்தேன்.

"வேற ஒண்டும் இல்லை. குளிருக்குத்தான் இடிக்குது. நெருப்புக்குக் கிட்டப் படுங்கோ."

"ஓம், ஓம்," என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, துவாயை மறுபடி செருகுவது கேட்டது. நான் வாசித்துச் சொன்னதை அவர் ஒரு நாளும் சந்தேகித்ததில்லை.