எட்டுச் சொட்டு

அந்தப் பேரிங்குக்கு எட்டுச் சொட்டு எண்ணெய் போதும், இன்ஸ்பெக்டர். ஐந்நூறு மைலுக்கு ஒரு முறை, எட்டே சொட்டு. பெடலை மிதித்தால் கிளட்சை விலக்கிக் கொடுப்பது அதுதான். கால் வைக்கும் பலகையைத் தூக்கினால் மெல்லிய செம்புக் குழாய் தெரியும். எண்ணெய் அதன் வழியே இறங்கும். குறைந்தால் பேரிங் கீச்சிட்டுத் தேயும். கூடினால் எண்ணெய் சிதறி கிளட்ச் தட்டில் படியும். எஞ்சின் அலறும், வண்டி நகராது. ரோலண்ட் தார்ப்பின் 1924ஆம் வருடத்துக் காருக்குப் பதினெட்டு ஆண்டுகள் அதை விட்டுவந்தவன் நான்.

பதினெட்டு ஆண்டுகளும் மேடேறும் போட்டியில் அதன் பின்சீட்டில் குதித்தவனும் நான்தான். சேற்றில் சக்கரம் பிடிக்க, பின்னால் ஒருவர் குதித்துக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி நின்றுவிட்டால் இறங்கி ஓடி, பின்சக்கரத்துக்கு மரக்கட்டை வைப்பதும் அவர் வேலை. அந்தக் காரின் பிரேக் முன்னால் போகும்போது பிடிக்கும். பின்னால் உருண்டால் பிடிக்காது. கட்டையைச் செதுக்கியவன் நான்.

போட்டிக்கு முந்தைய வாரம் எங்கள் கார் கிளப் ஆட்கள் எல்லோரும் மதுக்கடையில் இருந்தோம்.

“கிளெம், இந்த வருஷம் நீ கீழ நின்னு கைதட்டு,” என்றான் ரோலண்ட். “உன் உடம்புல என்னய்யா இருக்கு? நீ குதிச்சா சீட்டுக்கே தெரியாது.”

“அப்போ யாரு ஏறுறா?”

“முரியல். அன்னிக்கு சும்மா ஒரு குதி குதிச்சா, வண்டி பாதி மேட்டத் தாண்டிருச்சு.”

முரியல் கென்னட் பள்ளி ஆசிரியை, கிளப்புக்குப் புதியவள். “அவர விடுங்க கிளெம். என்னோடது எல்லாம் பீர் குடிச்சு சேத்த எடை. நீங்கதான் எனக்குக் கத்துக் குடுக்கணும்,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கற்றுக்கொடுத்தேன். எங்கே பிடிக்க வேண்டும், எப்போது குதிக்க வேண்டும், சீட்டின் பின்னால் எந்தத் தோல் வாரில் கட்டை இருக்கும் என்பதெல்லாம்.

சனிக்கிழமை மதியம், வழக்கம்போல வண்டியைப் பார்க்கப் போனேன். எட்டுச் சொட்டு விட வேண்டிய குழாயில் ஒரு டீக்கோப்பை எண்ணெய் ஊற்றினேன். ரோலண்ட் மேட்டின் நடுவில், ஊரே பார்க்க, நிற்க வேண்டும் என்பதற்கு மேல் நான் எதையும் விரும்பவில்லை. கிளட்ச் சறுக்கினால் எண்ணெயை உறிஞ்ச ஒரு கை முல்தானி மட்டியைத் தூவினால் போதும், சரியாகிவிடும். அதற்கென்று ஒரு டின் எப்போதும் வண்டியில் உண்டு. ஆகவே இதில் பெரிய தீங்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வண்டி மேட்டின் நடுவில் நின்றது. எஞ்சின் அலறியது. கீழே இருந்த நான் கைதட்டவில்லை. முரியல் குதித்து இறங்கி வாரைத் தடவினாள். பிறகு ஓரத்துச் சுவரிலிருந்து ஒரு கல்லை உருவிக்கொண்டு ஓடி, சக்கரத்தின் பின்னால் மண்டியிட்டாள். ஈரக் கல். பின்னால் உருண்ட வண்டி அதன் மேல் ஏறி வந்தது.

முரியலின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை திராட்சை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“கட்டைய எடுத்து வைக்க நான்தான் மறந்துட்டேன் போல, கிளெம்,” என்றாள். “வாரு காலியா இருந்துச்சு. நீங்க அத்தனை தடவ சொன்னீங்க. உங்க மூஞ்சிய எப்படிப் பாக்கப்போறேன்னு இருந்துச்சு.”

“பரவாயில்ல முரியல், யாருக்கும் நடக்கறதுதான்,” என்றேன்.

நீங்கள் எண்ணெயைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். எண்ணெய் ஒரு டீக்கோப்பை, கையெழுத்துப் போடுகிறேன். கட்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அதே சனிக்கிழமை அதை வீட்டுக்கு எடுத்துப் போனேன். நான் செதுக்கியதுதானே, சமையலறைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க உதவட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று காலை இங்கே வரக் கிளம்பும்போதும் அது கதவடியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். அந்தக் கதவு சாத்திக்கொள்ளாமல் தானாகவே நின்றது.