எண்ணெ தேய்க்கையில சொன்னது

தோள இறுக்கிப் பிடிக்காதிய அண்ணாச்சி, லூசா விடுங்க. ஆமா, பேசிக்கிட்டேதான் தேய்ப்பேன். குத்தாலத்துல எண்ணெ தேய்க்கவன் வாய மூடுனா கையும் நின்னுரும். அருவிக்கு என்ன அவசரம், கூட்டம் கொறையட்டும்.

புள்ளையா? ஒண்ணே ஒண்ணு. இசக்கின்னு பேரு, ஏழு வயசு. இப்பதான் உக்காருதா. ஆமா, ஏழு வயசுலதான். பொறந்ததுல இருந்து தலையே நிக்கல. கண்ணு ரெண்டும் மேல சொருகி, ஒடம்பு வெறச்சி, மணிக்கணக்கா கெடப்பா. வலிப்புன்னாவ, பேயின்னாவ. தூக்கிட்டு கோயிலு கோயிலா அலைஞ்சோம். கடைசியில தென்காசியில ஒரு டாக்டரம்மாதான் ரத்தத்த வெளியூருக்கு அனுப்பிக் கண்டுபிடிச்சாவ. ஜீன்ல பழுதாம். அதனால மூளையில ஊற வேண்டியது ஊறலையாம். ரொம்ப அபூர்வமா வருததாம்.

போன வருசம் வெளியூருல பெரிய ஆஸ்பத்திரியில, மண்டையில சின்னதா ஓட்ட போட்டு நல்ல ஜீன உள்ள விட்டாவ. அங்கன டாக்டரு இன்னொண்ணும் சொன்னாரு. கை காலுதான் அவ சொன்னதக் கேக்கல, காதும் புத்தியும் எப்பவும் முழிச்சிதான் இருந்திருக்குன்னு. எம்பொண்டாட்டி உலகம்மைக்கு சந்தோசம் தாங்கல. நான் எந்திரிச்சி வெளிய போயிட்டேன்.

தெனம் காலையில நாந்தான் புள்ளைக்கு எண்ணெ தேய்ப்பேன். வெறச்ச காலு இளகணும்லா. தேய்க்கும்போது என் வாயி சும்மா இருக்குமா? இவளுக்கு என்ன வெளங்கப் போவுதுன்னு நெனச்சிட்டேன்.

வலிக்கா? மன்னிச்சிருங்க, கை அழுந்திட்டு.

இப்ப வீட்டுல நான் பேசுததே இல்ல. ஊருக்கெல்லாம் பேசுதிய, புள்ளைகிட்ட ஒரு வார்த்த பேசக்கூடாதான்னு உலகம்மை ஏசுதா. அவகிட்ட என்னன்னு சொல்ல? வெக்கமா இருக்கு அண்ணாச்சி. புள்ள மூஞ்சியப் பாக்க முடியல.

முந்தாநாளு தேய்ச்சிட்டு இருக்கேன். அவளாவே கிண்ணத்துக்குள்ள கைய விட்டா. எங்கையில எண்ணெயத் தடவிக்கிட்டே மொத மொத முழுசாப் பேசுனா. என்னய மாதிரியே, அதே ராகத்துல, சிரிச்சிக்கிட்டே. எண்ணெ தேய்ச்சா அப்படித்தான் கொஞ்சணும்னு நெனச்சிருக்கா, பாவம்.

செத்துப் போயிரு அப்பான்னா. தெனம் நான் தாயின்னு சொன்ன எடத்துல அப்பான்னு மட்டும் மாத்திக்கிட்டா.

முதுகு முடிஞ்சிது. திரும்பிப் படுங்க.